உள்ளே போனால் திரும்பி வரலாம்

பிப்ரவரி 6

அன்புத் தங்கச்சிக்கு,

நாங்கள் சுகம். நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பாலம் கட்டுகிற இடத்தில் ஆற்றுக் காற்று அதிகம் என்று எழுதியிருந்தாய். உன் மூச்சிரைப்புக்கு அது ஆகாது. காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போ.

சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். உன் மருமகள் பட்டாணிக்குக் கக்கா வரமாட்டேன் என்கிறது. சிரிக்காதே. ஊரில் உள்ள குழாய் அடைப்பையெல்லாம் எடுக்கிறவன் வீட்டிலேயே அடைப்பா என்று பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா ஏற்கெனவே சிரித்தாகிவிட்டது.

இரண்டரை வயதாகிறதே என்று டயபரை விட்டுப் பழக்க ஆரம்பித்தோம். நடுவில் குழி வைத்த சிவப்புப் பிளாஸ்டிக் இருக்கை ஒன்று வாங்கினோம். முதல் வாரம் ராணி மாதிரி அதில் உட்கார்ந்தாள். இப்போது அதைப் பார்த்தாலே ஓட்டம். வயிறு கல்லாக இருக்கிறது. திடீரென்று நுனிக்காலில் நின்று, அலமாரிக் கதவைக் கட்டிக்கொண்டு, கால் இரண்டையும் பின்னி, முகம் சிவக்க முக்குகிறாள். நானும் பக்கத்தில் நின்று, "அப்படித்தான், இன்னும் கொஞ்சம்" என்று கை தட்டுகிறேன். ஒன்றும் வருவதில்லை. வந்தால் கூழாங்கல் மாதிரி வருகிறது. போன தடவை ஓரத்தில் ரத்தக் கோடு.

மாப்பிள்ளை தம்பி தங்கைகளைத் தூக்கி வளர்த்தவர். அவருக்கு ஏதாவது தெரியுமா என்று கேட்டு எழுது. நான் வேலைக்குப் போகும்போது குழந்தை தையல்காரம்மாவிடம் இருக்கிறாள்.

உன் அண்ணன்

*

பிப்ரவரி 15

அன்புள்ள அண்ணா,

இங்கே இருவரும் நலம். என் மூச்சும் என்னோடுதான் இருக்கிறது. உன் முதுகு வலி எப்படி? அண்ணி எப்படி இருக்கிறார்கள்?

இதைத் தொலைபேசியில் பேசியிருக்கலாமே என்று இவர் கேட்டார். முகாமில் இருக்கிற ஒரே தொலைபேசி மேலாளர் மேஜைமேல் இருக்கிறது. வரைபடம் வரைகிறவர்கள், கம்பி கட்டுகிறவர்கள் எல்லோரும் வரிசையில் நிற்க, நான் கக்காவைப் பற்றி விசாரிக்கவா? ஆனாலும் விஷயம் எப்படியோ வெளியே போய்விட்டது. சமையற்கூடத்துக்காரர் விளக்கெண்ணெய் என்கிறார். கிரேன் ஓட்டுகிறவர் வெந்நீர்த் தொட்டி என்கிறார். இன்னொருவர் சோப்புத் துண்டு என்று ஆரம்பித்தார். உன் மாப்பிள்ளை லாரியிலிருந்து இறங்காமலே, "யார் பேச்சையும் கேக்க வேணாம், உள்ள எதையும் வைக்க வேணாம், ரத்தம் வந்தா டாக்டர்தான்னு மச்சானுக்கு எழுது" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது. நாளை என்று தள்ளாதே.

ஒன்று கேட்க வேண்டும். உன் கடிதத்தின் அடியில் அண்ணி எப்போதும் இரண்டு வரி எழுதுவார்களே, இந்தத் தடவை காணோம். வேலை அதிகமா?

பட்டாணிக்கு இந்த அத்தையின் முத்தம்.

உன் தங்கை

*

பிப்ரவரி 24

அன்புத் தங்கச்சிக்கு,

சுகம். முதுகு வலி அதுபாட்டுக்கு இருக்கிறது. மாப்பிள்ளை சொன்னபடி குழந்தைகள் டாக்டரிடம் போய் வந்தேன்.

வயதான பெண்மணி. பட்டாணியின் வயிற்றைத் தொடுமுன் தன் கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டார். நான் அலமாரிக் கூத்தை நடித்துக் காட்டினேன். முழுவதும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அவ முக்கலப்பா. வெளிய வர்றத உள்ள இழுத்துப் பிடிக்கறா. ஒரு தடவை வலிச்சிருக்கு. மறுபடி வலிக்குமேன்னு பயம். பிடிக்கப் பிடிக்கக் கெட்டியாகும், கெட்டியானா இன்னும் வலிக்கும்."

இத்தனை நாளும் அவள் அடக்குவதற்கா நான் கை தட்டிக்கொண்டிருந்தேன் என்று நினைத்தபோது முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

எனக்குத் தெரிந்த வித்தையைச் சொன்னேன். அடைப்பு என்றால் பின்னாலிருந்து அழுத்தம் கொடுக்கலாமே டாக்டர் என்றேன். "குழாய்க்குப் பயம் கிடையாது, உங்க பொண்ணுக்கு இருக்கு" என்றார். பழக்குவதை இப்போதைக்கு மூட்டை கட்டி வைக்க வேண்டுமாம். மறுபடி டயபர். எங்கே நின்று போனாலும் சரி, திட்டவும் கூடாது, கெஞ்சவும் கூடாது. தண்ணீரில் கலந்து கொடுக்க ஒரு மருந்துப் பொடி எழுதித் தந்தார். அது மலத்தை இளக்குமாம். பாலைக் குறைத்து, பேரிக்காய், பப்பாளி, நிறையத் தண்ணீர். பிறகு அவளாக உட்காரும் காலம் வந்தால் கால் தொங்கக் கூடாது, பாதத்துக்கு அடியில் பலகை வேண்டும் என்றார். நம் கால் தொங்கினாலே நமக்கு வராதே என்று அப்போதுதான் உறைத்தது.

வீட்டில் புதிதாக ஏதாவது நடந்ததா என்றும் கேட்டார். அப்படி ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மாப்பிள்ளைக்கு என் நன்றி.

உன் அண்ணன்

*

மார்ச் 3

அன்புள்ள அண்ணா,

நலம். மழை பிடித்துக்கொண்டதால் தூண் வேலை நிற்கிறது. எனக்கு வரைபட மேஜையில் ஈ ஓட்டுகிற வேலை. டாக்டரம்மா சொன்னதை இவரிடம் படித்துக் காட்டினேன். குழாய்க்குப் பயம் கிடையாது என்ற இடத்தில் அப்படிச் சிரித்தார். பட்டாணி பிழைத்தாள்.

மருந்து வேலை செய்கிறதா? பழம் சாப்பிடுகிறாளா, இல்லை உன்னைப் போல எல்லாவற்றையும் ஓரம் கட்டுகிறாளா?

இரண்டு கடிதம் வந்தாயிற்று. இரண்டிலும் அண்ணி இல்லை. அண்ணி பேச்சையே எடுக்காமல் ஒரு பக்கம் எழுதுகிற ஆள் நீ இல்லை. அண்ணி வீட்டில் இருந்தால் குழந்தை எதற்குத் தினமும் தையல்காரம்மாவிடம் போகிறாள்? சண்டையா? சண்டை என்றால் யார் பக்கம் நியாயம் என்று கேட்க மாட்டேன். நீதான் தப்பு என்று எனக்குத் தெரியும். சொல்லிவிடு.

உன் தங்கை

*

மார்ச் 14

அன்புத் தங்கச்சிக்கு,

உடம்பெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. நீங்கள் இருவரும் நலம்தானே?

ஒரு வாரம் நன்றாகப் போனது. ஜன்னல் திரைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, டயபரில், அலறாமல் போனாள். நான் கண்டுகொள்ளாதவன் மாதிரி குழாய்ச் சாவியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். மனசுக்குள் மேளம்.

பிறகு ஒரு நாள் தண்ணீர் தண்ணீராகக் கசிந்தது. டயபரைத் தாண்டிப் பாய், என் மடி, எங்கும். கழிச்சல் பிடித்துவிட்டது, மருந்து கூடிப்போயிற்று என்று நானே மருந்தை நிறுத்தினேன். வயிறு மறுபடி இறுகிவிட்டது. சோற்றைத் தொடவில்லை. ஓடினேன் டாக்டரிடம். அது கழிச்சல் இல்லையாம். உள்ளே கெட்டியாகத் தங்கியதைச் சுற்றிக்கொண்டு இளகியது மட்டும் கசிகிறதாம். "உங்க தொழில்ல இதைப் பாத்ததே இல்லையா?" என்று கேட்டார். பார்த்திருக்கிறேன். சொந்தப் பிள்ளை என்றால் கண் தெரிவதில்லை. மருந்தை அளவு மாற்றித் தந்திருக்கிறார். சரியானது போலத் தெரிந்தாலும் மாதக்கணக்கில் விடாமல் கொடுக்க வேண்டும், தன்னைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது என்று கண்டிப்பு.

இப்போது பரவாயில்லை. ஆனால் ஒன்று புரியவில்லை. வலி குறைந்தும் அவளுக்குக் குளியலறைப் பக்கம் வருவதற்கே பயம். குளிப்பதுகூட முற்றத்தில்தான்.

நீ கேட்டதற்குப் பிறகு எழுதுகிறேன். சண்டை இல்லை.

உன் அண்ணன்

*

மார்ச் 22

தங்கச்சி,

உன் பதில் வருமுன்னே எழுதுகிறேன். சுகம் விசாரிக்கிற நிலையில் இல்லை, மன்னித்துக்கொள்.

நேற்று எங்கள் குளியலறைக் குழாய் ஒழுகியது. உள்ளே போய்க் கதவை லேசாகச் சாத்திக்கொண்டு திருகிக்கொண்டிருந்தேன். வெளியே பட்டாணி வீறிட்டாள். கதவைத் திறந்தால், நிலைப்படியைத் தாண்டாமல் நின்று என் சட்டையைப் பிடித்து இழுக்கிறாள்.

"அப்பா, வெளிய வா. உள்ள போனா வண்டி வரும். அம்மா மாதிரி தூக்கிட்டுப் போயிடும்."

ஈரத்தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இனி உன்னிடம் மறைக்க ஒன்றும் இல்லை.

உன் அண்ணி மாசமாக இருக்கிறாள். ஜனவரியில் ஐந்து மாதம். நச்சுக்கொடி கீழே இறங்கியிருக்கிறதாம். பட்டாணியை அந்தச் சிவப்பு இருக்கையில் உட்காரவைத்துப் பக்கத்தில் நின்றிருந்தபோதுதான் ரத்தப்போக்கு வந்தது. நான் வேலையில் இருந்தேன். சத்தம் கேட்டுத் தையல்காரம்மா ஓடிவந்து ஆம்புலன்ஸுக்குச் சொல்லியிருக்கிறார். வந்தவர்கள் அவளைக் குளியலறையிலிருந்தே ஸ்ட்ரெச்சரில் வைத்துத் தூக்கிப் போனார்கள். அந்த அமளியில் குழந்தையை யாரும் பார்க்கவில்லை. எல்லோரும் போனபிறகும் அவள் அந்த இருக்கையிலேயே உட்கார்ந்திருந்தாளாம்.

அண்ணி இப்போது நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில். இடையில் இரண்டாம் தடவையும் ரத்தம் வந்ததால், பிரசவம் வரை அங்கேயே படுத்திருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். வாரம் ஒரு முறை நான் போய்ப் பார்க்கிறேன். வார்டுக்குள் குழந்தைகளை விடுவதில்லை. பட்டாணியிடம் அம்மா ஊருக்குப் போயிருக்கிறாள் என்று சொல்லி வைத்தோம். தன் கண்ணால் பார்த்தவளிடம் அப்படிச் சொன்னோம்.

உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்று உனக்கே தெரியும். போன வருஷம் நீ பட்டது போதும் என்று நினைத்தோம்.

உன் அண்ணன்

*

ஏப்ரல் 12

அண்ணாவுக்கு,

தபால் மேல் பழி போட மாட்டேன். உன் கடிதம் உரிய நாளில் வந்துவிட்டது. பதில்தான் வரவில்லை. எழுதி எழுதிக் கிழித்தேன். கடைசியில் இவர்தான், "கோவத்தைக் கோவமாவே எழுது, ஆனா எழுதிடு" என்றார்.

போன வருஷம் எனக்கு நேர்ந்தது எனக்கு நேர்ந்தது. என் பிள்ளை தங்கவில்லை. அதற்காக ஊரில் உள்ள பிள்ளைத்தாய்ச்சியெல்லாம் என்னைக் கண்டதும் முந்தானையால் வயிற்றை மூடிக்கொள்ள வேண்டுமா? மற்றவர்கள் மூடட்டும். என் அண்ணன் வீட்டிலுமா? என் கண் பட்டுவிடும் என்று ஒரு நொடியாவது உங்களில் யாராவது நினைத்தீர்களா? நினைத்திருந்தால் சொல்லிவிடு. தெரியாமல் இருப்பதைவிட அது மேல்.

கோபம் அவ்வளவுதான். இனிக் குழந்தை.

அண்ணா, அவள் அம்மா உள்ளே போனதைப் பார்த்தாள். தூக்கிக்கொண்டு போனதைப் பார்த்தாள். திரும்பி வந்ததைத்தான் பார்க்கவில்லை. தான் கக்கா போக உட்கார்ந்ததால்தான் வண்டி வந்தது என்று அந்தப் பொடித் தலைக்குள் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தால்? மருந்து வயிற்றை இளக்கும், அதை எப்படி இளக்கும்? டாக்டரம்மாவிடம் ஒன்று விடாமல் சொல். அண்ணியை அவள் கண்ணில் காட்டு. வார்டுக்காரர்கள் விடமாட்டேன் என்றால் வாசலில் உட்கார்ந்துகொள். உனக்குப் பிடிவாதம் பிடிக்கத் தெரியாதா என்ன.

அண்ணிக்கு இப்போது எப்படி இருக்கிறது? உண்மையைச் சொல்.

தங்கை

*

ஏப்ரல் 20

என் தங்கச்சிக்கு,

நீ எழுதிவிட்டாய். அதுவே எனக்குப் பாதி உயிர். எல்லோரும் நலம், இந்தத் தடவை பொய் இல்லை. அண்ணிக்குச் சில வாரங்களாக ரத்தப்போக்கு இல்லை. குழந்தை நன்றாக வளர்கிறது.

குழந்தைகள் டாக்டரிடம் எல்லாம் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். கேட்டு முடித்ததும் அந்த ஆஸ்பத்திரிக்கு அவரே பேசினார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கொஞ்ச நேரம் கூட்டிவரலாம் என்று வார்டுத் தலைமை நர்ஸ் ஒப்புக்கொண்டார்.

பட்டாணி என் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு அம்மாவைப் பார்க்கவே மறுத்தாள். அண்ணி கூப்பிடவில்லை. கண்ணில் தண்ணீர் தளும்பத் தளும்ப, ஒரு ஆரஞ்சை உரித்தாள். மணத்துக்கு முதலில் மூக்கு வந்தது, பிறகு கை வந்தது, பிறகு ஆள் முழுவதும் கட்டில்மேல் ஏறிவிட்டாள். வாயில் சுளையை வைத்துக்கொண்டே கேட்டாள்: "நீ ஏன் திரும்பி வரல?"

"வயித்துல பாப்பா இருக்கு. அது வளர்ற வரைக்கும் அம்மா படுத்துக்கணும். அதுக்குத்தான் வண்டில வந்தேன். நீ கக்கா போக உக்காந்ததால இல்லடி, என் செல்லம். அதனால இல்லவே இல்ல."

பட்டாணி வயிற்றைத் தடவிப் பார்த்தாள். நம்பினாளா இல்லையா என்று தெரியவில்லை.

பிறகுதான் நடந்தது. அண்ணி எழுந்து நடக்க அனுமதி கழிவறைக்கு மட்டும். போக வேண்டியிருந்தது. ஒரு பக்கம் நர்ஸ் பிடித்துக்கொண்டார். கதவருகில் போனதும் பட்டாணி அம்மாவின் உடுப்பைப் பற்றிக்கொண்டு கத்தினாள். அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விடலாமா என்று பார்த்தேன். அண்ணி குனியக் கூடாது, நின்றபடியே சொன்னாள்: "உள்ள போயிட்டு வந்துடுவேன். நீ இங்கயே நின்னு பாரு." கதவு மூடியது. பட்டாணி கதவில் இரண்டு உள்ளங்கையையும் வைத்து நின்றாள். உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தம். கதவு திறந்தது. அண்ணி வந்தாள்.

குழந்தை அவளைப் பார்த்தாள், உள்ளே எட்டிப் பார்த்தாள், திரும்பி வார்டு முழுவதுக்கும் கேட்கிற மாதிரி, "அம்மா வந்துட்டா" என்றாள். அப்புறம், "மறுபடியும் போ" என்றாள். படுத்திருந்த பெண்களெல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

நீ கேட்ட கேள்வியை அண்ணியிடம் அப்படியே படித்துக் காட்டினேன். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிறகு சொன்னாள்: "கண்ணாவது மண்ணாவது. சொன்னா அவ உடனே சந்தோஷப்பட்டாகணுமே. எனக்காக அழுகைய முழுங்கிட்டு வாழ்த்துச் சொல்லணுமே. அதை எப்படிக் கேப்பேன்னுதான் வாய மூடிக்கிட்டேன். தப்புத்தான். இப்ப கேக்கறேன், அவளை வரச் சொல்லுங்க." கீழே அவளே எழுதுகிறாள்.

உன் அண்ணன்

*வந்துவிடு. வந்து அழுதாலும் சரி, என்னைத் திட்டினாலும் சரி. நீ பட்டாணியோடு இருந்தால்தான் நான் நிம்மதியாகப் படுப்பேன். – அண்ணி*

*

ஏப்ரல் 27

அன்புள்ள அண்ணா, அன்புள்ள அண்ணி,

இருவரும் நலமாக இருங்கள். லீவு கிடைத்துவிட்டது. கிடைக்காவிட்டாலும் வந்திருப்பேன். இவர் பேருந்து ஏற்றிவிடுகிறார்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். எனக்குக் குழந்தை வளர்க்கத் தெரியாது. பயமாக இருக்கிறது. மருந்தை எவ்வளவு தண்ணீரில் கலப்பது, எந்தக் கிண்ணத்தில் கொடுத்தால் குடிப்பாள், எதற்கு அழுவாள் என்றெல்லாம் தையல்காரம்மாவிடம் சொல்லிவை. அண்ணி, உங்கள் கடிதத்தைப் பார்த்து அழுதேன். திட்டுவதை நேரில் வைத்துக்கொள்கிறேன்.

உங்கள் தங்கை

*

மே 11
ஆஸ்பத்திரியிலிருந்து

தங்கச்சிக்கு,

தையல்காரம்மா வீட்டுத் தொலைபேசியில் சொன்னதையே எழுத்திலும் சொன்னால்தான் எனக்கு நம்பிக்கை வரும் போலிருக்கிறது. ஆண் குழந்தை. அறுவை செய்துதான் எடுத்தார்கள். கொஞ்சம் முன்கூட்டியே வந்தவன், கைக்கு அடக்கமாக இருக்கிறான், ஆனால் அழுகை மட்டும் இரண்டு ஆள் அழுகை. அண்ணிக்கு ரத்தம் ஏற்ற வேண்டியிருந்தது. நான் வராந்தாவில் நின்ற நேரத்தை எழுத மாட்டேன். இன்று எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தாள். முதல் கேள்வி, "பட்டாணி போனாளா?" எனக்கும் அதே கேள்விதான். எழுது.

நீ நலமா? கஷ்டப்படுத்துகிறாளா?

உன் அண்ணன்

*

மே 14

அன்புள்ள அண்ணா,

இங்கே அத்தையும் மருமகளும் நலம். அண்ணி காய்ச்சல் எதுவும் இல்லாமல் தேறி வருகிறார்களா? சின்னவன் பால் குடிக்கிறானா?

கஷ்டம் என்று கேட்டாயே. முதல் நாள் மருந்துக் கிண்ணத்தை என் தலையில் கவிழ்த்தாள். இரண்டாம் நாள் நான் யார் என்று விசாரித்தாள். அதற்கப்புறம் நான் எங்கே போனாலும் முந்தானையில் தொங்குகிறாள்.

நான் வந்தபோது டயபரோடு குளியலறைக்குள் போய், சுவரைப் பிடித்து நின்று போய்க்கொண்டிருந்தாள். உள்ளே போவதே பெரிது என்று டாக்டரம்மா சொல்லியிருந்ததால் நான் வாயைத் திறக்கவில்லை. நேற்றுக் காலை பப்பாளி தின்றுவிட்டு அதே மாதிரி போனாள். நான் வழக்கம்போலப் பின்னால் போனேன். டயபரைத் தானே பிய்த்துப் போட்டாள். மூலையில் கிடந்த சிவப்பு இருக்கையை இழுத்தாள். நீ செய்து வைத்த பலகையைக் காலுக்கு வைத்தேன். உட்கார்ந்தாள். கைதட்டக் கூடாது, கெஞ்சக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, சுவரில் இல்லாத பல்லியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் என்னைப் பார்த்தாள்.

"அத்தை, நீ வெளிய நில்லு. கதவச் சாத்து. நான் வந்துடுவேன்."

வெளியே நின்றேன், அண்ணா. நானும் கதவில் கை வைத்துக்கொண்டுதான் நின்றேன். உள்ளே பாட்டு மாதிரி ஏதோ முனகல். பிறகு ஒன்றும் இல்லை. பிறகு, "வந்துட்டேன்" என்று அவளே கதவைத் திறந்தாள். அவள் பின்னால் எட்டிப் பார்த்தேன். மெத்தென்று, அழகாக, ரத்தமில்லாமல். கக்காவைப் பார்த்துக் கண் கலங்கிய முதல் வரைபடக்காரி நானாகத்தான் இருப்பேன்.

உடனே எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்துவிடாதே. இன்று காலை இருக்கை வேண்டாம், டயபர்தான் வேண்டும் என்றாள். கொடுத்தேன். நாளை என்ன சொல்வாளோ, அவள் இஷ்டம். மருந்தை நிறுத்தவில்லை, டாக்டரம்மா சொல்லும்வரை நிறுத்தவும் மாட்டேன்.

சனிக்கிழமை முதல் பேருந்தில் அவளைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். இவரும் முகாமிலிருந்து நேரே அங்கே வந்துவிடுகிறார். அண்ணி, நான் அழுவேன், அது உங்களுக்குப் பழகட்டும். சின்னவனை முதலில் அவன் அக்காதான் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று இங்கே உத்தரவு. அதற்கு அடுத்தது என் மடி. வேறு யாரும் வரிசையில் முந்த வேண்டாம் என்று நர்ஸிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.

உங்கள் தங்கை